பட்டியலில் இல்லாத ஆண்டுகள்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் நடந்த பெரும்பாலான தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராகவும் பணியாற்றியிருக்கிறேன். அமெரிக்காவில் வாக்குரிமை வளர்ந்த வரலாற்றைப் பற்றி எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்காக ஒரு பட்டியல் தயாரித்தேன்: 1870 கறுப்பின ஆண்கள், 1920 பெண்கள், 1924 பழங்குடிகள், 1965 வாக்குரிமைச் சட்டம், 1971 பதினெட்டு வயது நிரம்பியவர்கள். படிப்படியாக மேலேறிய வரலாறாகவே இது எனக்குத் தோன்றியது. ஆனால் பட்டியலை மறுபடி படித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. 1870-இலேயே கொடுத்துவிட்ட உரிமைக்காக 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் ஏன் ஊர்வலம் போக வேண்டியிருந்தது? இடைப்பட்ட தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் என்ன நடந்தது?

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். என் மகன் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறான். குடியுரிமை பெற்று 2024-இல் முதன்முறையாக அங்கே வாக்களித்தான். பட்டியலில் பெயரைச் சேர்க்கும் பொறுப்பு முழுக்க வாக்காளருடையது என்றும், தேர்தலுக்கு முப்பது நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றும் சொன்னான். வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்துப் பட்டியலைத் திருத்திப் பழகிய எனக்கு அது வியப்பாக இருந்தது. நம் நாட்டிலிருந்து சென்றவர்களுக்கு அங்கே வாக்குரிமை எப்போது கிடைத்தது என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
எஸ்.,
தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள எஸ். ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பட்டியலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் உரிமை வந்த ஆண்டுகள் மட்டுமே அதில் இருக்கின்றன. வந்த உரிமை பறிபோன ஆண்டுகள் இல்லை. 1807, 1838, 1890, 1898, 1903, 2013 ஆகியவற்றையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால், உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் வாக்குச்சாவடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் என்பதால், நான் சொல்ல வருவது மற்றவர்களைவிட உங்களுக்கு எளிதில் விளங்கும்.

1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு யாருக்கும் வாக்குரிமை வழங்கவில்லை. ஒரு மாநிலம் தன் சட்டமன்றத்தின் பெரிய அவைக்கு யாரை வாக்களிக்க அனுமதிக்கிறதோ, அவர்களே பிரதிநிதிகள் சபைக்கும் வாக்களிக்கலாம் என்று மட்டும் அது சொன்னது. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் தகுதிகள் மாறின; நிலம் வைத்திருப்பவர், வரி கட்டுபவர், வெள்ளையர், ஆண் என்று வேலிகள் வெவ்வேறு இடங்களில் நின்றன. நியூஜெர்சியின் 1776ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஐம்பது பவுன் மதிப்புள்ள சொத்து உடைய குடிகள் எல்லோரும் வாக்களிக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டதால், கணவரை இழந்த பெண்களும் மணமாகாத பெண்களும் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவரும் அங்கே வாக்களித்து வந்தார்கள். மணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவனுடையது என்பதால் அவளுக்கு மட்டும் அது கிட்டவில்லை. 1807-இல் அம்மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி, வாக்கு வெள்ளை ஆண்களுக்கே உரியது என்று ஆக்கிவிட்டது. பென்சில்வேனியாவின் 1838ஆம் ஆண்டு அரசியலமைப்பில் வாக்காளர் தகுதியில் ‘வெள்ளையர்’ என்ற ஒரு சொல் சேர்ந்தது. அந்த ஒரு சொல்லால் கறுப்பினத்தவர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். நியூயார்க் 1821-இல் வெள்ளையர்களுக்குச் சொத்துத் தகுதியைத் தளர்த்திய கையோடு, கறுப்பினத்தவர் வாக்களிக்க 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும் என்று விதித்தது. ஏழை வெள்ளையர்களுக்கு வாக்கு விரிந்துகொண்டே போன காலமும் கறுப்பினத்தவருக்கு அது சுருங்கிக்கொண்டே வந்த காலமும் ஒன்றுதான்.

உள்நாட்டுப் போர் முடிந்த பின் வந்த மூன்று திருத்தங்களை நீங்கள் அறிவீர்கள். 1865-இன் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868-இன் 14ஆவது திருத்தம், அந்த மண்ணில் பிறந்தவர்கள் குடிமக்கள் என்றும், எந்த மாநிலமும் யாருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்றும் கூறியது. 1870-இன் 15ஆவது திருத்தத்தைத்தான் நீங்கள் முதல் படியாகக் குறித்திருக்கிறீர்கள். அதன் வாசகத்தை வாசகர் வட்டத்தில் தயவுசெய்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை உண்டு என்று அதில் எங்கும் இல்லை. குடிமக்களின் வாக்குரிமையை இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்றுதான் இருக்கிறது. மூன்று காரணங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. நான்காவது காரணம் ஒன்றைக் கண்டுபிடிப்பவர்களுக்கு வழி திறந்தே கிடந்தது. இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. பிறந்த நாடு, சொத்து, கல்வி, மதம் ஆகியவற்றையும் சேர்த்துத் தடை செய்ய வேண்டும் என்று செனட்டர் ஹென்றி வில்சன் அப்போதே முன்மொழிந்தார். அது கைவிடப்பட்டது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற வட மாநிலங்களிலேயே எழுத்தறிவுத் தகுதி இருந்தது. ரோட் ஐலண்டில் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குச் சொத்துத் தகுதி இருந்தது. மேற்குக் கரையில் சீனர்கள் வாக்காளர்களாகிவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தது. தங்கள் ஊர் வேலியைப் பிரிக்க விரும்பாதவர்கள், தெற்கில் புதிய வேலி எழுவதற்கும் இடம் விட்டுவிட்டார்கள்.

ஆயினும் அந்தத் திருத்தம் முதலில் வேலை செய்தது. தெற்கில் கூட்டாட்சி அரசின் படை நின்ற வரையில் கறுப்பினத்தவர் பெருந்திரளாக வாக்களித்தார்கள். மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் 1870-இலும், அடிமையாகப் பிறந்த பிளான்ச் புரூஸ் 1875-இலும் செனட் சபைக்குள் நுழைந்தார்கள். 1877-இல் அந்தப் பாதுகாப்பு விலகியது. அதன் பிறகு துப்பாக்கியாலும் கள்ளக் கணக்காலும் நடத்தி வந்ததைச் சட்டத்தாலேயே நடத்திக்கொள்ள 1890-இல் மிசிசிப்பி வழி கண்டுபிடித்தது. மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவராக இருந்த அந்த மாநிலத்தில், புதிய அரசியலமைப்பை எழுதக் கூடிய 134 பேரில் ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவர். அவர்கள் எழுதிய விதிகளில் ‘இனம்’ என்ற சொல்லே கிடையாது. ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி கட்டியிருக்க வேண்டும். மாநிலத்தில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது பிறர் படிக்கக் கேட்டு அதற்கு நியாயமான விளக்கம் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவு, எது நியாயமான விளக்கம் என்பதையெல்லாம் பதிவு அலுவலரே முடிவு செய்வார். 1898-இல் இது உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, சட்டத்தின் சொற்களில் பாகுபாடு எதுவும் தென்படவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்கள் சாவடியில் அனுபவித்த ஒன்றை இங்கே நினைவுபடுத்துகிறேன். முதலாம் அலுவலர் வாக்காளரின் பெயரை உரக்கப் படிப்பார். அந்த ஆள் இவர் இல்லை என்று ஒரு முகவர் ஆட்சேபித்தால், முகவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். தன் ஆட்சேபணைக்கு ஆதாரத்தையும் முதலில் அவரே காட்ட வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கும் வரை, தான் யார் என்று மெய்ப்பிக்கும் பாரம் வாக்காளரின் தலையில் முதலில் விழுவதில்லை. மிசிசிப்பியின் மேசையில் இந்த முறை தலைகீழாக இருந்தது. அங்கே ஆட்சேபிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே. பாரம் முழுவதும் எதிரே நின்றவருடையது.

மற்ற மாநிலங்கள் இந்த வழியைப் பின்பற்றின. லூசியானா 1898-இல் இன்னொன்றையும் சேர்த்தது: 1867 ஜனவரி 1-க்கு முன் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தவருக்கும், அப்படிப்பட்டவரின் மகனுக்கும் பேரனுக்கும் எழுத்தறிவுத் தேர்விலிருந்தும் சொத்துத் தகுதியிலிருந்தும் விலக்கு உண்டு. அந்த நாளில் தெற்கில் எந்தக் கறுப்பினத்தவருக்கு வாக்கு இருந்தது? படிக்காத வெள்ளையர் தம் பாட்டனார் பெயரைச் சொல்லி உள்ளே போனார். படித்த கறுப்பினத்தவர் வெளியே நின்றார். லூசியானாவில் 1896-இல் 1,30,000-க்கும் மேற்பட்ட கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். 1904-இல் எஞ்சியவர்கள் 1,342 பேர். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள் ஐயா. 15ஆவது திருத்தத்தில் ஓர் எழுத்துகூட மாறாமலே இது நடந்தது.

1903-ஐ நான் சேர்க்கச் சொல்லும் காரணம் ஜாக்சன் கைல்ஸ் என்பவர். அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் தபால் அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்தவர். பல ஆண்டுகள் வாக்களித்தும் வந்தவர். 1901-இன் புதிய அரசியலமைப்பு அவர் பெயரை நீக்கியதும், தன்னைப் போன்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் சார்பாக வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: இந்தப் பதிவு முறை முழுவதும் மோசடி என்பது உங்கள் வாதமானால், அந்த மோசடிப் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் எப்படி ஆணையிடும்? மேலும், ஒரு மாநிலத்தின் வெள்ளையர் திரள் முழுவதும் எதிர்த்து நிற்கும்போது நீதிமன்றத்தின் ஆணையை யார் நிறைவேற்றுவார்கள்? நிவாரணத்தை மக்களிடமும் அரசியல் அமைப்புகளிடமும் தேடிக்கொள்ளுங்கள். வாக்கில்லாத மனிதரிடம் இதைச் சொன்னார்கள். அமெரிக்க நீதி வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் தீர்ப்புகளில் இது ஒன்று. அதை எழுதியவர் அந்நாட்டின் மிகச் சிறந்த சட்ட அறிஞர்களில் ஒருவராகப் போற்றப்படுபவர் என்பதால் வருத்தம் கூடுகிறது.

பெண்களின் வாக்குரிமையையும் இந்த வாசகச் சிக்கலோடு சேர்த்தே பார்க்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரின் வர்ஜீனியா மைனர் 1872-இல் வாக்காளராகப் பதியச் சென்று திருப்பி அனுப்பப்பட்டார். 14ஆவது திருத்தப்படி நான் குடிமகள், ஆகவே எனக்கு வாக்கு உண்டு என்பது அவர் வாதம். மணமான பெண் தன் பெயரில் மட்டும் வழக்குத் தொடுக்க மிசூரியின் சட்டம் இடம் தராததால், கணவரும் சேர்ந்தே வழக்காட வேண்டியிருந்தது. 1875-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: நீங்கள் குடிமகள்தான், ஆனால் குடியுரிமைக்குள் வாக்குரிமை அடங்கவில்லை. இதற்குப் பின் அரசியலமைப்பையே திருத்துவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. 1920-இல் வந்த 19ஆவது திருத்தமும் அதே எதிர்மறை அச்சில்தான் வார்க்கப்பட்டது. பாலினத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்கிறது, அவ்வளவே. ஆகவே அந்த ஆண்டு அலபாமாவின் வெள்ளைப் பெண்கள் வாக்காளர்களானபோது, அவர்கள் வீட்டில் சமைத்த கறுப்பினப் பெண்கள் அதே மேசையில், அதே எழுத்தறிவுத் தேர்வால் நிறுத்தப்பட்டார்கள். நீங்கள் குறித்திருக்கும் 1924-உம் அப்படித்தான். பழங்குடிகள் எல்லோரும் குடிமக்கள் என்று அந்த ஆண்டின் சட்டம் அறிவித்தது. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் அவர்கள் வாக்களிக்க 1948-இல் வழக்காடி வெல்ல வேண்டியிருந்தது.

இனி, அந்த மேசையை அருகிலிருந்து பார்ப்போம். 1962 ஆகஸ்ட் 31 அன்று மிசிசிப்பியின் ரூல்வில் ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் ஒரு பழைய பேருந்தில் மாவட்டத் தலைநகரான இண்டியனோலாவுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். இருபது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, சிறு வயதிலிருந்தே பருத்திக் காட்டில் உழைத்தவர். தன்னைப் போன்றவர்களும் வாக்காளராகப் பதியலாம் என்பதை நாற்பத்து நான்காவது வயதில்தான் கேள்விப்பட்டார். அலுவலகத்துக்குள் இரண்டிரண்டு பேராகவே விட்டார்கள். விண்ணப்பத்தில் இருபத்தொரு கேள்விகள் இருந்தன. நீங்கள் யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்பது அவற்றுள் ஒன்று. பிறகு மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்லி, பொருள் விளக்கவும் சொன்னார்கள். சட்டம் படித்தவர்கள் மட்டுமே அறிந்த ஒரு லத்தீன் தொடரைப் பற்றிய பிரிவு அது. அவர் தோற்றார். திரும்பும் வழியில் பேருந்தைக் காவலர்கள் நிறுத்தி, வண்டியின் நிறம் சரியில்லை என்று சொல்லி ஓட்டுநருக்கு அபராதம் விதித்தார்கள். வீடு வந்து சேருவதற்குள் செய்தி பண்ணை உரிமையாளருக்குப் போய்விட்டது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் வெளியேற வேண்டும் என்றார் அவர். ‘நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்’ என்று பதில் சொன்ன ஹேமர், பதினெட்டு ஆண்டுகள் உழைத்த அந்தப் பண்ணையிலிருந்து அன்றிரவே வெளியேறினார்.

யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்த விண்ணப்பத்தில் என்ன வேலை என்று இப்போது விளங்கியிருக்கும். அதே ஆண்டு மிசிசிப்பி இன்னொரு சட்டமும் இயற்றியது: பதிவுக்கு விண்ணப்பிப்பவரின் பெயரை இரண்டு வாரங்கள் உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிட வேண்டும். வேலையும் குடிசையும் கடைக் கடனும் ஒரே மனிதரின் கையில் இருந்த ஊர்களில், செய்தித்தாளில் பெயர் வருவது என்பதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஹேமர் மறுபடியும் எழுதி 1963 ஜனவரியில் தேர்ச்சி பெற்றார். அந்த ஆகஸ்ட் மாதம் வாக்களிக்கச் சென்றபோது, இரண்டு ஆண்டுகளுக்கான தலைவரி ரசீதுகள் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்.

அரசு வழக்குப் போடவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். போட்டது, அதனால்தான் 1965 வந்தது. 1957, 1960, 1964 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள், பாகுபாடு காட்டும் பதிவு அலுவலர்கள் மீது வழக்குத் தொடுக்க நீதித்துறை அமைச்சகத்துக்கு அதிகாரம் அளித்தன. ஒரு வழக்குக்கு ஆதாரம் திரட்டப் பதிவேடுகளைப் புரட்டவே சில சமயம் ஆறாயிரம் மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. கிங் ஊர்வலம் போன செல்மா நகரம் அமைந்துள்ள டாலஸ் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (உங்கள் மகன் வசிக்கும் டெக்சஸின் டாலஸ் வேறு, இது அலபாமாவில் உள்ளது). அங்கே வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களில் பதிவு பெற்றிருந்தவர்கள் 156 பேர். அரசு வழக்குத் தொடுத்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகு, நீதிமன்றம் இரண்டு முறை பாகுபாட்டை உறுதிசெய்த பிறகு, அந்த எண் 383 ஆயிற்று. ஒரு தேர்வை நீதிமன்றம் தடை செய்தால் அதைவிடக் கடினமான இன்னொன்று வரும். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாட்களே திறந்திருக்கும். 1963 அக்டோபர் 7 அன்று முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி நாள் முழுவதும் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் உணவும் கொடுக்கப் போன இளைஞர்களைக் காவலர்கள் அடித்துக் கைது செய்தார்கள். எதிர்ப் புறத்தில் இருந்த கூட்டாட்சி அரசின் கட்டடத்து வாசலில் அவ்வரசின் அதிகாரிகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாலையில் அலுவலகம் மூடியபோது, வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் கதவைக்கூட நெருங்கியிருக்கவில்லை.

1965 மார்ச் 7 அன்று ஏறத்தாழ 600 பேர் செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தபோது குதிரைப்படையும் கண்ணீர்ப் புகையும் அவர்களை எதிர்கொண்டதும், அந்தக் காட்சியை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கண்டதும், ஆகஸ்ட் 6 அன்று அதிபர் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டதும் நீங்கள் படித்தவைதாம். ஆகவே சட்டம் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். அது புதிதாக எந்த உரிமையையும் கொடுக்கவில்லை. 1870-இன் உரிமையையே மீண்டும் எடுத்துச் சொன்னது. ஆனால் பாரத்தை இடம் மாற்றியது. தேர்வு முறையை வைத்திருந்து, 1964 தேர்தலில் வாக்களிக்கும் வயதினரில் பாதிப்பேர்கூடப் பதியாத அல்லது வாக்களிக்காத இடங்களில் தேர்வுகள் அனைத்தும் உடனே நிறுத்தப்பட்டன. தேவைப்பட்ட இடங்களில் பெயர்களைப் பட்டியலில் சேர்க்க கூட்டாட்சி அரசின் அலுவலர்களே மேசை போட்டு உட்கார்ந்தார்கள். அந்த மாநிலங்கள் இனித் தேர்தல் விதி எதை மாற்ற விரும்பினாலும், அதற்கு முன்பே வாஷிங்டனின் ஒப்புதல் பெற வேண்டும். அந்த மாற்றத்தால் பாகுபாடு நேராது என்று மாநிலமே மெய்ப்பிக்க வேண்டும். 1966-இல் இச்சட்டத்தை உறுதி செய்த தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், காலமும் மந்தமும் தரும் சாதகத்தைத் தீமை செய்தவர்களிடமிருந்து எடுத்து அதற்கு ஆளானவர்களிடம் ஒப்படைக்க, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முடிவு செய்யலாம் என்று எழுதினார். இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்தவற்றுள் மிகத் துல்லியமான வாக்கியம் அதுதான். மிசிசிப்பியில் சட்டத்துக்கு முன் 6.7 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவரின் பதிவு, 1967-இல் 59.8 விழுக்காடாயிற்று. தொண்ணூற்றைந்து ஆண்டுகள் செய்யாததை இரண்டு ஆண்டுகள் செய்தன.

நம் நாட்டவரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1790-இன் குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே குடிமகனாகலாம் என்றது, 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்க்கப்பட்டார்கள், ஆசியர்கள் சேர்க்கப்படவில்லை. பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், அக்கால இனவியலின்படி இந்தியர்களும் காக்கேசிய இனத்தவரே என்று வாதிட்டார். சில மாதங்களுக்கு முன், ஜப்பானில் பிறந்த ஒசாவா என்பவரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசியர் என்று பொருள் சொல்லி அவரை விலக்கிய அதே உச்ச நீதிமன்றம், 1923-இல் திந்தின் வழக்கில் அறிவியல் வகைப்பாட்டை ஒதுக்கிவிட்டு, சாதாரண மனிதன் வெள்ளையர் என்று யாரைக் கருதுகிறானோ அவரே வெள்ளையர் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946-இன் சட்டம்தான் இந்தியர்கள் குடிமக்களாக வழிவிட்டது. குடியேற ஆண்டுக்கு நூறு பேருக்கே இடம். அந்த வழியில் 1949-இல் குடிமகனான தலிப் சிங் சவுந்த் 1956-இல் கலிபோர்னியாவிலிருந்து காங்கிரசுக்குத் தேர்வானார். உங்கள் மகனின் தலைமுறை பெருமளவில் அங்கே செல்ல முடிந்தது, வாக்குரிமைச் சட்டம் வந்த இரண்டே மாதங்களில் அதே காங்கிரஸ் இயற்றிய 1965-இன் குடியேற்றச் சட்டம் பிறந்த நாட்டை வைத்து இடம் ஒதுக்கும் பழைய முறையை நீக்கியதால்தான். செல்மாவின் வரிசையில் நின்றவர்களுக்கும் அவருக்கும் உள்ள இந்தத் தொடர்பை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

2013-ஐ ஏன் சேர்க்கச் சொன்னேன்? அந்த ஆண்டு ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம், வாக்குரிமைச் சட்டத்தில் எந்த மாநிலங்கள் முன் ஒப்புதல் பெற வேண்டும் என்று வரையறுத்த பிரிவை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லாததாக்கியது. நாடு மாறிவிட்டது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கை வைத்து மாநிலங்களைப் பிரிக்கக் கூடாது என்பது பெரும்பான்மையினரின் வாதம். அதில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தெற்கு மாறித்தான் இருந்தது. ஆனால் மாற்றியது எது? மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையைத் தூக்கி எறிவது போன்றது இது என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். அன்றே டெக்சஸ், முன்பு தடுக்கப்பட்டிருந்த தன் அடையாள அட்டைச் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தது. வட கரோலினா அந்த ஆகஸ்டில் முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களைக் குறைத்தும், வாக்களிக்கும் நாளிலேயே பதிந்துகொள்ளும் வசதியை நீக்கியும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அறுவை சிகிச்சைக்கு உரிய துல்லியத்தோடு கறுப்பினத்தவரைக் குறிவைத்த சட்டம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2016 ஜூலையில். நடுவில் 2014-இன் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. முன் ஒப்புதல் முறை இருந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகளும் மாநிலம்தான் காத்திருந்திருக்கும். இப்போது வாக்காளர் காத்திருந்தார்.

நடந்து முடிந்த தேர்தலில் இழந்த வாக்கை யாரும் திருப்பித் தர முடியாது என்றே பொதுவாகச் சொல்வார்கள். ஆகவே உங்கள் பட்டியலில் இன்னும் ஓர் ஆண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1967. பாடநூல்களில் நான் அதைக் கண்டதில்லை. ஹேமர் தன் மாவட்டத்தின் பதிவு அலுவலர் மீது ஒரு வழக்குத் தொடுத்திருந்தார். கறுப்பினத்தவர் பதிவு செய்ய முடியாதிருந்த நிலையில் 1965-இல் சன்ஃபிளவர் என்ற சிற்றூரில் நகராட்சித் தேர்தல் நடத்தப்பட்டது. அதைத் தள்ளிவைக்கக் கேட்டும் கீழ் நீதிமன்றம் மறுத்திருந்தது. 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்து, புதிதாக நடத்த வழி செய்தது. 1967 மே மாதம் அது நடந்தது. கறுப்பின வேட்பாளர்கள் வெல்லவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்தத் தேர்தலில் அவர்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளப்படவில்லையோ, அந்தத் தேர்தல் அவர்களுக்காக மறுபடி நடத்தப்பட்டது. அவர்கள் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

அன்புடன்.